ஷோரூம் டிஸ்ப்ளே மாடுலர் கிச்சன் பாதி விலைக்கு வருது, வாங்கலாமா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு ஃபிளாட்ல 10 அடி கிச்சன், ஷோரூம்ல டிஸ்ப்ளேக்கு வெச்சிருந்த எல் ஷேப் செட்ட 50% தள்ளுபடில தர்றாங்க, எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எடுக்கலாம். ஆனா பாதி விலைன்னு மனசுல போட்டுக்காதீங்க, முடியறப்ப அது பாதி விலையா இருக்காது. லிங்கராஜபுரத்துல மாமனார் கட்டின எங்க பழைய வீட்டுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நான் இப்படித்தான் ஒரு செட் எடுத்தேன், என் கணக்க அப்படியே சொல்றேன்.

புதுசா செஞ்சா 2 லட்சத்து 90 ஆயிரம்னு கொட்டேஷன், டிஸ்ப்ளே செட் ஜிஎஸ்டியோட 1 லட்சத்து 35 ஆயிரம். கழட்டி டெம்போல கொண்டு வர 9,500, மறுபடி மாட்ட கார்பெண்டர் கூலி 14,000, சிங்க் கீழ வர்ற பாக்ஸ் புதுசா 19,000, செவுத்துக்கும் கேபினட்டுக்கும் நடுவுல இடைவெளி அடைக்க ஃபில்லர், அடில கால மறைக்கற ஸ்கர்ட்டிங் எல்லாம் 6,500. மொத்தம் 1 லட்சத்து 84 ஆயிரம். மேல போட்ட கிரானைட் இதுல சேரல, அது புதுசுன்னாலும் போட்டுத்தான் ஆகணும். ஆக மிச்சமானது 1 லட்சத்து 6 ஆயிரம், மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல. எங்களுக்கு அது பெரிய காசு, வாங்கினதுல எனக்கு சந்தோஷம்தான்.

இதுல நிஜமான லாபம் கேபினட் பாக்ஸ்ல இல்ல, ஹார்ட்வேர்ல இருக்கு. மெல்ல மூடிக்கற சாஃப்ட் குளோஸ் டிராயர், டால் யூனிட்ல (உயரமான அலமாரி) வெளிய இழுக்கற புல்லவுட், மேல் பக்கமா திறக்கற லிஃப்ட்அப் கதவு இதெல்லாம் புதுசா வாங்கினா காசு அங்கதான் போகுது. ஷோரூம்ல வர்றவங்க ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு போவாங்க, வெயிட் எதுவும் ஏத்தியிருக்க மாட்டாங்க, அதனால பெரும்பாலும் புதுசு மாதிரியே இருக்கும். பாக்ஸ் அப்படி இல்ல. பார்டிகிள் போர்டா (மரத்தூள அமுக்கி செஞ்ச பலகை) இருந்தா ஒரு தடவை ஸ்க்ரூ கழட்டின ஓட்டைல மறுபடி ஸ்க்ரூ சரியா பிடிக்காது, வெறுமனே சுத்தும். அதனால என்ன போர்டுன்னு கண்டிப்பா பாருங்க. வெளிய லேமினேட் மூடியிருக்கறதால கேட்டா எல்லாருமே பிளைவுட்னுதான் சொல்வாங்க. எங்க கார்பெண்டர் அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர், அவர் என்ன பண்ணார்னா ஒரு ஹிஞ்ச (கீல) கழட்டிட்டு ஷட்டர்ல, அதான் கேபினட் கதவுல, இருந்த அந்த வட்டக் குழிக்குள்ள மொபைல் டார்ச் அடிச்சு காட்டினார், "இங்க பாருங்கம்மா, தூள் தூளா இருந்தா பார்டிகிள், பஞ்சு மாதிரி வழவழன்னு இருந்தா எம்டிஎஃப் (மர நார அமுக்கின பலகை), அடுக்கு தெரிஞ்சா பிளை"ன்னு. எங்களுது ஷட்டர் எம்டிஎஃப். பாக்ஸுக்கு பின்னாடி வயர் போக அறுத்திருந்த ஓரத்துல பாத்தோம், பிளை, அடுக்கு தெளிவா தெரிஞ்சுது. அதனாலதான் தைரியமா எடுத்தோம். அப்படியே ஒரு கைப்பிடியையும் கழட்டச் சொல்லுங்க. ஷோரூம் கண்ணாடி வழியா வெயில் பட்ட ஷட்டர்ல கைப்பிடிக்கு அடில மட்டும் கலர் அடர்த்தியா இருந்தா, வெளுத்திருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஒரு ஷட்டர் கூட புதுசா மேட்ச் பண்ண முடியாது.

நான் ஏமாந்தது கார்னர்ல. மூலைல உள்ளருந்து தட்டு வெளிய வர்ற யூனிட்டுக்கு இடது கை, வலது கைன்னு உண்டு. எங்க வீட்டு எல் வலப்பக்கம் திரும்புது, செட்டு இடப்பக்கம். "திருப்பி மாட்டிக்கலாம் மேடம்"னு ஷோரூம்ல சொன்னாங்க, நம்பிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம் முடியவே இல்ல. அந்த பாக்ஸ்ல இப்ப சும்மா ரெண்டு தட்டு போட்டு இட்லி குண்டான் வெச்சிருக்கோம், அந்த கம்பி செட் அட்டைப்பெட்டில பரண் மேல கிடக்கு. இன்னிக்கும் அத நினைச்சா வருத்தமா இருக்கு. போறதுக்கு முன்னாடி உங்க கிச்சன் படத்த பேப்பர்ல வரைஞ்சு, எந்தப் பக்கம் திரும்புதுன்னு அம்புக்குறி போட்டு எடுத்துட்டுப் போங்க. செவுத்த தரைகிட்ட, இடுப்பு உயரம், தலை உயரம்னு மூணு இடத்துல அளங்க, எங்க வீட்ல மேலயும் கீழயும் முக்கால் இன்ச் வித்தியாசம்.

அடுத்து சிலிண்டர். டிஸ்ப்ளே கிச்சன்ல அதுக்கு இடமே யோசிச்சிருக்க மாட்டாங்க. கெயில் பைப் கேஸ் உங்க அபார்ட்மெண்ட்ல இருந்தா கவலை இல்ல. இல்லன்னா 14.2 கிலோ சிலிண்டருக்கு ஒரு அடிக்கு மேல அகலம் வேணும், கீழ்த்தட்ட எடுத்துட்டு தரைலயே நிக்க வைக்கணும், அந்த கதவோட கீழ்ப்பக்கம் காத்து போக ஓட்டை கட்டாயம் போடணும். எல்பிஜி காத்த விட கனம், லீக் ஆனா கீழதான் தேங்கும். இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

உயரத்துக்கு பயப்படாதீங்க, கீழ இருக்கற பிளாஸ்டிக் கால திருகி ஏத்தி இறக்கலாம். எங்க அத்தை குள்ளம், அவங்க நின்னு தோசை வார்க்கற உயரம் பாத்துதான் இறக்கினோம்.

அட்வான்ஸ் குடுக்கற அன்னிக்கே ஒவ்வொரு டிராயரையும் திறந்து வெச்சு ஃபோட்டோ எடுங்க, பில்லுல எத்தனை மாட்யூல், எத்தனை கூடை, ஹார்ட்வேர் எந்த கம்பெனின்னு எழுதச் சொல்லுங்க. எங்களுக்கு நாலு கூடைக்கு மூணுதான் வந்துச்சு, ஃபோட்டோ காட்டினதும் மறுநாளே குடுத்து அனுப்பினாங்க. பாக்கிப் பணத்த, வந்த சாமான் எல்லாத்தையும் எண்ணிப் பாத்தப்புறம் குடுங்க.

உங்க 10 அடிக்கு முழு எல் எடுத்தா ரெண்டு பாக்ஸாவது வெளிய நிக்கும்னு தோணுது. டிராயர் மாட்யூலும் டால் யூனிட்டும் மட்டும் தனியா தருவாங்களான்னு முதல்ல கேட்டுப் பாருங்க. டால் யூனிட் கழட்டி வருமா முழுசா வருமான்னும் கேளுங்க, முழுசா வந்தா உங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்ட இன்னிக்கு ராத்திரியே டேப் வெச்சு அளந்துருங்க.