ஜாவேத் ஹாஷ்மியை ஏன் பாகிஸ்தானில் 'பாகி' என்று அழைக்கிறார்கள்?

'பாகி' என்றால் உருதுவில் கலகக்காரர். முல்தான் நகரத்து அரசியல்வாதியான ஹாஷ்மிக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான், ஏனென்றால் மனுஷன் யாரோடும் ஒத்துப்போனதில்லை.

2003 அக்டோபரில், முஷாரஃபின் ராணுவ ஆட்சியை விமர்சித்து ராணுவத்துக்குள்ளிருந்தே வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கையெழுத்தில்லாத கடிதத்தைச் செய்தியாளர்கள் முன்னால் வாசித்தார். அவ்வளவுதான், சில நாளில் கைது. ராவல்பிண்டியின் அடியாலா சிறைக்குள்ளேயே விசாரணை. 2004 ஏப்ரலில் 23 ஆண்டு தண்டனை. ஒரு கடிதத்தை வாசித்ததற்கு! 2007 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தபிறகுதான் வெளியே வந்தார்.

2008 தேர்தலில் நவாஸ் ஷெரீப் கட்சி சார்பில் முல்தான், லாகூர், ராவல்பிண்டி என மூன்று தொகுதிகளில் ஜெயித்தார் (அங்கே எத்தனை இடத்தில் ஜெயித்தாலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்). ராவல்பிண்டியில் அவரிடம் தோற்றது முஷாரஃபின் அமைச்சராக இருந்த ஷேக் ரஷீத், அது லேசான ஆள் இல்லை.

அப்புறம் தன் கட்சித் தலைவர் நவாஸ் ஷெரீப்போடு மனக்கசப்பு. 2011 டிசம்பரில் இம்ரான் கான் கட்சிக்குப் போய் அங்கே பிரெசிடென்ட் பதவியும் வாங்கினார் (சேர்மன் இம்ரான்தான்). 2014-இல் நவாஸ் அரசு விலகக் கோரி இம்ரான் இஸ்லாமாபாத்தில் நடத்திய தர்ணாவின்போது, இம்ரான் ராணுவத்தின் துணையை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று வெளிப்படையாகப் போட்டுடைத்தார், எம்.பி. பதவியையும் விட்டார். அப்படிக் காலியான அதே முல்தான் தொகுதியின் இடைத்தேர்தலில் நின்று தோற்றார். என்னைக் கேட்டால், 2003-ஐவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். முதல் தடவை கட்சியாவது கூட இருந்தது.