நவம்பரில் ஒயிட் பாஸ் எங்கே போகிறது?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். கோடையில் லூயிஸ்வில் ஏரிக்குப் பையன்களோடு போனால் ஒயிட் பாஸ் மீன் நன்றாகக் கிடைத்தது. நவம்பர் பிறந்ததும் அதே இடத்தில் ஒன்றுகூட இல்லை. தெரிந்தவர் மூலம் பழக்கமான மீன்பிடி கைடு ஒருவர், "என் படகில் வந்தால் மீன்பிடி லைசென்ஸே வேண்டாம், மீனுக்கு நான் உத்தரவாதம்" என்கிறார். நண்பரிடம் படகும் சாதாரண சோனாரும் (தண்ணீருக்கடியில் மீனைக் காட்டும் கருவி) இருக்கின்றன. கைடுக்குப் பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். டெக்சாஸில் கைடு வைத்திருக்கும் லைசென்ஸ் அவருக்கு மட்டும்தான். 17 வயது ஆன ஒவ்வொருவரும், யார் படகில் ஏறினாலும், தன் பெயரில் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். கேம் வார்டன் (மீன்பிடி, வேட்டைச் சட்டங்களைக் கண்காணிக்கும் அதிகாரி) வந்து கேட்டால் அபராதச் சீட்டு உங்கள் கைக்குத்தான் வரும். இந்த அடிப்படையே தெரியாத அல்லது தெரிந்தே மறைக்கிற ஆள் தரும் மீன் உத்தரவாதத்தை என்னவென்று நம்புவது? நடுவில் ஒரு "தெரிந்தவர்" இருந்தால் அவருக்கும் அதில் ஒரு பங்கு போகலாம்.

உங்கள் லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். வழக்கமான லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஜூலையில் முழுக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் அதே தேதிதான். இது என்ன நியாயம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. புதிதாக வாங்கும்போது டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் சொந்தத் தளத்திலோ தூண்டில் சாமான் கடையிலோ வாங்குங்கள். தேடினால் மேலே வந்து நிற்பதெல்லாம் அரசுத் தளம் ஆகிவிடாது.

சரி, மீனுக்கு வருவோம். ஒயிட் பாஸ் (உள்ளூரில் சாண்ட் பாஸ் என்பார்கள்) ஷாட் என்ற சின்ன வெள்ளி மீனின் பின்னாலேயே அலையும். கோடையில் ஏரியின் அடித் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது. அதனால் ஷாட்டும் பாஸும் மேல் தண்ணீரிலேயே நிற்கும். குளிர் தொடங்கியதும் மேல் தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்கி, ஏரி முழுக்கக் கலந்துவிடும். இப்போது ஆழத்திலும் மூச்சு விட முடியும். த்ரெட்ஃபின் என்ற ஷாட் வகைக்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இறங்கினால் செத்து மிதக்கும். அதனால் ஆழமில்லாத ஓரங்களை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். நீங்கள் இன்னமும் கோடைக் கரையில் நின்று வீசிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய ஆற்றுப் படுகையின் விளிம்பு, தண்ணீருக்கடியில் இருக்கும் மேடு, காற்று அடிக்கும் முனை, இவற்றில் 20 முதல் 40 அடி ஆழம் வரை தேடுங்கள். தேடுவதற்குச் சோனாரை விடக் கண் நல்லது. வடக்கிலிருந்து கடற்காகங்கள் வந்து இறங்கும் காலம் இது. தண்ணீரில் சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி விழுந்து கொத்துகிற பறவைகளுக்குக் கீழேதான் பாஸ் ஷாட்டை மேலே விரட்டிக்கொண்டிருக்கும். படகை உள்ளே ஓட்டிக் கலைக்காமல் தள்ளி நிறுத்தி வீசுங்கள். சோனாரில் ஷாட் கூட்டம் மேகம் மாதிரித் தெரியும். அதற்குக் கீழே வளைவு வளைவாகக் கோடுகள் (அவைதான் பாஸ்) தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். மேகம் மட்டும் இருந்தால் நகருங்கள்.

தூண்டிலுக்கு ஒரு அவுன்ஸ் ஈய ஸ்லாப் (சின்ன மீன் மாதிரியான தட்டையான உலோகத் தூண்டில்) போதும், வெள்ளை அல்லது வெள்ளி நிறம். தரை தட்டும்வரை விட்டு, ஒன்றிரண்டு அடி வெடுக்கென்று தூக்கி, நூல் அதிகம் தொய்யாமல் விழ விடுங்கள். விழும்போதுதான் கடிக்கும். அடுத்த தடவை தூக்கும்போது கம்பு கனக்கும், அவ்வளவுதான் அடையாளம். ஆயிரக்கணக்கில் டாலர் விழுங்கும் புதுவகைச் சோனாரைக் கடைக்காரர் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார், இந்த மீனுக்குத் தேவையே இல்லை.

இனி ஒரு விஷயத்தை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். லூயிஸ்வில்லில் ஹைப்ரிட் ஸ்ட்ரைப்பர் என்ற கலப்பினமும் இதே கூட்டத்தில் ஓடும். ஒயிட் பாஸ் 10 அங்குலம் இருந்தால் எடுக்கலாம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25. ஹைப்ரிட் 18 அங்குலம் இருக்க வேண்டும், ஐந்துதான். 14 அங்குல ஹைப்ரிட்டை ஒயிட் பாஸ் என்று நினைத்துப் பெட்டியில் போட்டு மாட்டிக்கொள்பவர்களில் நம்மவர்களும் உண்டு. ஒயிட் பாஸின் கோடுகள் மங்கலானவை, ஒன்று மட்டும் வால்வரை போகும். ஹைப்ரிட்டுக்குக் கோடுகள் அழுத்தமாக இருக்கும், பல கோடுகள் வால்வரை ஓடும். அதிலும் சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து நாக்கின் பின்பக்கம் விரலால் தடவுங்கள். சொரசொரப்பான பல் திட்டு ஒன்று இருந்தால் ஒயிட் பாஸ், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருந்தால் ஹைப்ரிட். அப்போதும் புரியவில்லையா, 18 அங்குலத்துக்குக் குறைந்திருந்தால் தண்ணீரில் விட்டுவிடுங்கள். பையன்கள் அழுதாலும் சரி. டெக்ஸோமா ஏரிக்குப் போனால் கணக்கே வேறு. ஏரிக்கு ஏரி ஒரு சட்டம் போட்டுவிட்டு, தெரியவில்லை என்றால் நம் தப்பு என்கிறார்கள்.

கிளம்பும்போது படகிலும் வாளியிலும் உள்ள தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள். அந்த ஏரியில் ஜீப்ரா மஸ்ஸல் (படகு வழியாக ஏரிக்கு ஏரி பரவும் சின்னச் சிப்பி) இருக்கிறது, வடிக்காமல் சாலையில் ஏறினால் அதற்கும் அபராதம் உண்டு.