புளூடூத்தையும் பிரின்டரையும் தூக்கிவிட்டால் லினக்ஸ் வேகமாகுமா?

கேள்வி: 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸும் க்னோம் டெஸ்க்டாப்பும் வைத்திருக்கிறேன். புளூடூத், பிரின்டர், அவாஹி, மோடம்மேனேஜர் எதுவும் எனக்கு வேண்டாம். மொத்தமாக நீக்கிவிடலாமா?

பதில்: நீக்கலாம். ஆனால் வேகம் கூடும் என்று நினைத்துச் செய்தால் ஏமாந்துபோவீர்கள். சும்மா கிடக்கும் இந்தச் சேவைகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் சில எம்பிதான் எடுக்கும். பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் ஒரே ஒரு டேப் அதைவிட அதிகம் விழுங்கும். தேவையில்லாதது எதற்கு ஓட வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், சரி, அது நியாயம்தான்.

மோடம்மேனேஜர் சிம் போடும் டாங்கிள்களுக்கானது, போகட்டும். அவாஹியை எடுத்தால் நெட்வொர்க்கில் உள்ள பிரின்டர்கள் தானாகத் தெரியாது. உங்களுக்கு அதனால் நஷ்டமில்லை.

எடுத்த எடுப்பில் நீக்காதீர்கள். முதலில், சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் நிறுத்திப் பாருங்கள். பிரின்டர் சேவையான கப்ஸை நிறுத்தினால், 'இதை சாக்கெட் மறுபடி எழுப்பக்கூடும்' என்கிற மாதிரி டெர்மினலே எச்சரிக்கும். சாக்கெட் என்பது யாராவது கேட்டால் சேவையை எழுப்பிவிடும் வாசல். அதைப் படிக்காமல் விட்டவர்கள்தான் 'நிறுத்தினேன், திரும்பவும் ஓடுகிறதே' என்று புலம்புவார்கள். சேவையோடு அதன் சாக்கெட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும். மாஸ்க் செய்துவிட்டால், அதாவது பூட்டிவிட்டால், வேறு எதுவும் அதை எழுப்ப முடியாது. மனம் மாறினால் அன்மாஸ்க் செய்தால் போதும். ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள்.

அப்புறமும் நீக்கித்தான் ஆக வேண்டுமா? தொகுப்புகளை நிறுவவும் நீக்கவும் பயன்படும் ஆப்ட் கட்டளையை முதலில் சிமுலேட் (ஒத்திகை) விருப்பத்துடன் கொடுங்கள். எதையும் தொடாமல், எதெல்லாம் போகும் என்று மட்டும் காட்டும். புளூடூத் தொகுப்பை நீக்கப் போனால் அந்தப் பட்டியலில் 'க்னோம்-கோர்' என்ற பெயர் வரலாம். பதற வேண்டாம். அது மெட்டா பேக்கேஜ். மற்ற தொகுப்புகளைச் சேர்த்துக் கட்டிய கயிறு மாதிரி. கயிறு போனால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பல நாள் கழித்து, தேவைப்படாத தொகுப்புகளைத் தானாக நீக்கும் ஆட்டோரிமூவ் கொடுக்கும்போதுதான் வினை: கயிறு அவிழ்ந்த தொகுப்புகளை 'யாருக்கும் வேண்டாதவை' என்று அது நினைத்துக்கொள்ளலாம். ஃபைல் மேனேஜர்கூட அதில் இருக்கலாம். வேண்டியவற்றை முன்கூட்டியே ஆப்ட்-மார்க் கட்டளையால் மேனுவல் (நானே நிறுவியது) என்று குறித்துவிடுங்கள். நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டிபஸ், அனுமதிகளைக் கவனிக்கும் போல்கிட் இவற்றில் எது பட்டியலில் தென்பட்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

உண்மையிலேயே ரேம் மிச்சமாக வேண்டும் என்றால் க்னோமை விட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்புக்கு மாறிப் பாருங்கள். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொண்டு லாகின் திரையில் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கலாம்.