ஒரே பல்பகுதியம், புதுப் போத்தல்: சூரியக்கலத்தின் திறன் ஏன் குறைகிறது?

திருகோணமலையிலிருந்து ஒரு மாணவி கேட்டது: அதே பிஎம்6 (ஒளியை உறிஞ்சும் பல்பகுதியம்), அதே செய்முறை, புதுப் போத்தலில் மட்டும் சேதனச் சூரியக்கலத்தின் திறன் ஏன் குறைந்தது?

பெயர் ஒன்றுதான், ஆனால் பல்பகுதியச் சங்கிலிகளின் நீளம் ஒன்றல்ல. ஒருபகுதியங்களின், அதாவது சங்கிலியாக இணையும் சிறு மூலக்கூறுகளின், விகிதம் சற்றுப் பிசகினாலே சராசரி மூலக்கூற்றுத் திணிவு தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறும். சங்கிலி குட்டையானால் மின்னேற்றம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது கடினம். மிக நீண்டால் குளோரோபென்சீன் கரைப்பானில் சரியாகக் கரையாது, படலம் திட்டுத்திட்டாக வரும். அப்புறம், தயாரிப்பு வினையூக்கியிலிருந்து எஞ்சிய பலேடியம். அதையும் சும்மா விடக்கூடாது, மின்னேற்றங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தொகுதி இலக்கத்தைச் சொல்லி, மூலக்கூற்றுத் திணிவையும் அதன் பரவலையும் விற்றவரிடமே கேளுங்கள். உங்கள் ஊர்க் கடற்காற்றில் ஈரப்பதனும் அதிகம், அதுவும் திறனைக் குறைக்கலாம். நைதரசன் நிரப்பிய மூடிய பெட்டிக்கு வெளியே பூசியிருந்தால், பழைய போத்தலில் மிஞ்சியதையும் அதே நாளில் பூசி ஒப்பிடுங்கள்; குறை போத்தலிலா காற்றிலா என்று தெரியும்.