மேரியோ குழியில் விழுந்தால் யார் தப்பு?

கேள்வி: ஐயா, எனக்கு 43 வயது. கடலூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய கேசட் போடும் டிவி கேம் ஒன்று கண்ணில் பட்டது. ரெண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, ‘9999 கேம்’ என்று லேபிள் ஒட்டிய மஞ்சள் கேசட், எல்லாம் சேர்த்து 700 ரூபாய். ஆறாவது படிக்கும்போது மேரியோவை எட்டாவது உலகம் வரை கொண்டுபோனவன் நான். இப்போது முதல் ஸ்டேஜ் குழியிலேயே விழுகிறேன். வாத்து சுடும் கேமில் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கியை டூப்ளிகேட்டாகக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் “மொக்கை கேம்ப்பா” என்கிறாள். ரெண்டு பேர் சேர்ந்து ஆடும் கான்ட்ரா கேமில் அவளை நானே சாகடிக்கிறேனாம். அவள் ஆடும் மைன்கிராஃப்டைப் பத்து நிமிஷம் பிடித்தால் எனக்குத் தலை சுற்றிக் குமட்டுகிறது. “வயசுக்கேத்த வேலையைப் பாருங்க” என்கிறாள் மனைவி. நிஜமாகவே வயதாகிவிட்டதா? பழைய கேம் நல்லதா, புதுசு நல்லதா?
— பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்

பதில்: தம்பி, உங்கள் வயதை அப்புறம் பார்க்கலாம். டிவிக்கு என்ன வயது? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நீங்கள் சொல்கிற கோளாறுகளைப் பார்த்தால் சுவரில் மாட்டிய எல்.இ.டி.யாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் நீங்கள் குழியில் விழுவதில் முக்கால்வாசி தப்பு அதனுடையது.

திருப்பாதிரிப்புலியூரில் 26 வருஷம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். அந்தக் காலத்து டிவியில் பிக்சர் டியூபின் கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை கிளம்பி, திரையில் மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடிப் படத்தை எழுதும். கேம் பெட்டி அனுப்பியது அப்படியே திரைக்குப் போய்விடும், நடுவில் யோசிக்க யாரும் கிடையாது. எல்.இ.டி. டிவி வருகிற படத்தை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும். பெரிதாக்கும், புள்ளிகளைத் துடைக்கும், நிறத்தைத் தூக்கும், அதற்குப் பிறகுதான் காட்டும். சினிமா பார்க்கும்போது சத்தத்தையும் சேர்த்தே தாமதப்படுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. சாதாரண செட்டிங்கில் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்பது பல டிவிகளில் சகஜம்.

பத்தில் ஒரு பங்கு ஒரு விஷயமா என்பீர்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், கணக்காகவே சொல்கிறேன். ஒரிஜினல் மெஷினில் நொடிக்கு 60 படம். முழு வேகத்தில் ஓடும் மேரியோ ஒரு படத்துக்கு இரண்டரைப் புள்ளி நகர்கிறான். நொடியில் பத்தில் ஒரு பங்கு என்றால் 6 படம், அதாவது 15 புள்ளி. அந்த கேமில் ஒரு செங்கல்லின் அகலம் 16 புள்ளி. குழிக்கு ஒரு செங்கல் தள்ளி மேரியோ நிற்பதாக நீங்கள் பார்க்கிறீர்கள், ஆனால் பெட்டிக்குள் அவன் விளிம்பையே தொட்டாகிவிட்டது. ஆறாவதில் பழகிய உங்கள் கட்டைவிரல் சரியான நேரத்தில்தான் அழுத்துகிறது. படம்தான் பழசு.

டிவி ரிமோட்டில் பிக்சர் செட்டிங் போய் ‘கேம் மோட்’ இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் இந்தத் துடைக்கும் வேலைகளையெல்லாம் டிவி விட்டுவிடும், தாமதம் நன்றாகக் குறையும். பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் சின்ன டப்பா ஏதாவது மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கும். டிவியில் மஞ்சள் ஏ.வி. ஓட்டை இருந்தால் நேராக அதில் சொருகுங்கள்.

துப்பாக்கிக்கு மட்டும் எந்த செட்டிங்கும் உதவாது. சந்தைக்காரரைத் திட்டியிருந்தால் மனதுக்குள்ளாவது வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். கறுப்புக்குப் பின் வெளிச்சம் தெரிந்ததா என்று துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் சென்சார் பார்க்கும். தெரிந்தால் வாத்து விழும், இல்லாவிட்டால் கேமில் வரும் நாய் எழுந்து சிரிக்கும். எல்.இ.டி.யில் அந்த வெள்ளைக் கட்டம் வருவதற்குள் பெட்டி தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. டியூப் டிவியில் நொடிக்குச் சுமார் 15 ஆயிரம் வரி ஓடும். நம் நாட்டுக் கணக்கில் சரியாக 15,625. அந்தத் துடிப்புள்ள வெளிச்சத்தைத்தான் துப்பாக்கி ஏற்றுக்கொள்ளும். எல்.இ.டி. வெளிச்சத்தில் அது இல்லை, அதனால் திரையில் முட்டிக்கொண்டு சுட்டாலும் வாத்து விழாது. (பழைய டிவியை ஆன் செய்ததும் ‘கீ’ என்று ஒரு மெல்லிய சத்தம் வருமே, அது இந்த 15,625தான். கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். எனக்கு நாற்பதுக்கு மேல் அது கேட்கவே இல்லை. வயது என்றால் இது வயது, நீங்கள் குழியில் விழுவதல்ல.)

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரு டியூப் டிவி. கடலூரில் அது கிடைக்காமலா போகும்? 2006-இல் தொடங்கி அரசாங்கம் வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி எத்தனையோ பரணில் துணி மூடிக் கிடக்கிறது. தானே புயலுக்குப் பிறகு, 2012 ஜனவரியில், என் கடை வாசலில் அந்த டிவிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஏறியிருந்தது. கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாததால் சரிபண்ணியதைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஆனால் கரண்ட் வந்தபோது பாதிக்கு மேல் உயிரோடு எழுந்தன, அவ்வளவு கெட்டியான பொருள். சொந்தக்காரர் வீட்டில் கேட்டால் “எடுத்துட்டுப் போனா போதும்” என்பார்கள். ஒன்று மட்டும், பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். டியூபில் ஏறும் மின்சாரம் 20,000 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். தொழில் பழகிய முதல் வருஷம் அது என்னைத் தூக்கி எறிந்ததில் விழுந்த இடத்தை இப்போதும் காட்டுவேன்.

கேசட்டை வாயால் ஊதுகிறீர்களா? நாம் எல்லாரும் ஊதினோம். எச்சில் ஈரம் பட்டுப் பட்டுத்தான் அந்தப் பித்தளை நிறப் பட்டைகள் கறுத்தன. எடுத்து மறுபடி சொருகியதால்தான் ஓடியது, ஊதியதால் அல்ல. செல்ஃபோன் ரிப்பேர் கடையில் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற துடைக்கும் திரவம்) என்று கேட்டு வாங்கி, காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள்.

இனி மகள் சொன்ன ‘மொக்கை’. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1985-இல் வந்த அந்த மேரியோ கேம் முழுவதும் 40 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘காலை வணக்கம்’ படம் அதைவிடப் பெரிசு. இடம் பற்றாமல் மேகத்தின் படத்துக்கே பச்சை அடித்துப் புதராக்கிவிட்டார்கள். அவளிடம் காட்டுங்கள், இதுவரை கவனித்திருக்க மாட்டாள். அவ்வளவு சின்ன கேமை நாம் வருஷக்கணக்கில் ஆடியதற்குக் காரணம், மூன்று லைஃப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், நடுவில் சேமித்து வைக்க வழி கிடையாது. கஷ்டம்தான் அதன் நீளம். ரெண்டு பேர் ஆடினாலும் ஒருவர் சாகும்வரை மற்றவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். பதிமூன்று வயசுப் பெண்ணுக்கு அது மொக்கையாக இல்லாமல் வேறென்ன? அந்த 9999 கேமும் நிஜத்தில் சில பத்துதான். அதையே வேறு வேறு ஸ்டேஜிலிருந்து ஆரம்பித்துப் பட்டியலை நீட்டியிருப்பார்கள்.

கான்ட்ரா விஷயத்தில் அவள் சொல்வது அப்பட்டமான உண்மை. மூன்றாவது ஸ்டேஜ் அருவி. ரெண்டு பேரும் பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். மேலே இருப்பவர் ஏற ஏறத் திரையும் ஏறும். கீழே தங்கியவர் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போனால் செத்தார், எதிரியின் குண்டு வேண்டியதே இல்லை. நீங்கள் பழைய வேகத்தில் தாவிக்கொண்டு போகிறீர்கள், அவள் இன்னும் முதல் பாறையில் நிற்கிறாள். அந்த ஸ்டேஜில் அவளை முன்னால் விட்டு, நீங்கள் ஒரு பாறை பின்னால் வாருங்கள். டைட்டில் திரையில் மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ அழுத்தினால் 30 லைஃப் வருமே, அதையும் சொல்லிக்கொடுங்கள். பல சந்தை கேசட்டுகளில் அதை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள்.

அவளுடைய கேம் உங்களைக் குமட்ட வைப்பது வேறு கதை. கண் ‘நான் ஓடுகிறேன்’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்’ என்கிறது. ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஃபோன் பார்த்தால் வாந்தி வருவதைத் திருப்பிப் போட்டதுதான். மைன்கிராஃப்ட் செட்டிங்கில் நடக்கும்போது திரை மேலும் கீழும் ஆடுவதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது, முதலில் அதை நிறுத்துங்கள். பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் அகலமாக்குங்கள், திரும்பும் வேகத்தைக் குறையுங்கள். அறையில் விளக்கு எரியட்டும். குமட்டல் தொடங்கியதும் வைத்துவிடுங்கள், தாக்குப்பிடித்துப் பழகலாம் என்று நினைத்தால் நாலு மணி நேரம் படுக்க வேண்டியதுதான்.

கையும் பழக வேண்டும். நமக்கு ஒரு கட்டைவிரல் திசைக்கு, மற்றது குதிக்க. இவர்களுக்கு ஒன்று நடக்க, மற்றது கழுத்தைத் திருப்ப. பொங்கலுக்கு வந்த என் மகன் எல்டன் ரிங் என்ற 2022 கேமைக் கையில் கொடுத்தான். திறந்த வெளிக்கு வந்த கொஞ்ச தூரத்திலேயே பொன் கவசம் போட்ட குதிரைக்காரன் ஒருவன் நிற்கிறான். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டும் தரையைப் பார்த்துக்கொண்டும் அவனிடம் பதினோரு தடவை செத்தேன். பிறகுதான் மகன் சொன்னான், அவனோடு சண்டை போட வேண்டாம், சுற்றிக்கொண்டு போகலாம் என்று. புது கேமெல்லாம் சுலபம் என்று இனிமேல் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

எனக்குப் பிடித்தது 2023-இல் வந்த மேரியோ வொண்டர். பேரனோடு ஆடினேன். மேரியோ அதில் யானையாகிறான், தும்பிக்கையால் அடிக்கிறான். பேரனுக்கு யோஷி என்ற டைனோசரைக் கொடுத்தேன், யோஷியை எதிரி தொட்டாலும் ஒன்றும் ஆகாது. நான் செத்தால் பேயாக மிதப்பேன், அதற்குள் பேரன் ஓடிவந்து தொட்டால் உயிர் வரும். கான்ட்ரா அருவிக்கு நேர் எதிர். குறை சொன்னால், முதல் சில ஸ்டேஜ் குழந்தைக்கு ஊட்டிவிடுகிற மாதிரி இருக்கிறது, பயமே இல்லை.

உங்கள் மகளோடு ஆட நான் சொல்வது இட் டேக்ஸ் டூ, 2021 கேம். தனியாளாக ஆடவே முடியாது. திரை ரெண்டாகப் பிரிந்திருக்கும், ஒருவர் கையில் ஆணி, மற்றவர் கையில் சுத்தியல் என்று வேலையும் பிரிந்திருக்கும். ஒருவருக்காக மற்றவர் நின்றே ஆக வேண்டும். கதை விவாகரத்துக்குத் தயாராகும் ஒரு தம்பதியைப் பற்றியது. அதைச் சொல்லி வையுங்கள், நடுவில் அவள் கேள்வி கேட்பாள்.

வீட்டம்மாவுக்கு வெண்பா. இதுவும் 2023, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து எழுத்து அழிந்திருக்கும், விட்டுப்போனதை யூகித்துச் சமைப்பதுதான் புதிர். நான் இட்லித் தட்டைத் தப்பாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் பூ கட்டிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஓட்டை எங்க இருக்குன்னு பாருங்க, ஆவி எப்படி மேல ஏறும்?” என்றாள். ரெண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். புட்டு வரும்போது ரிமோட் அவள் கைக்குப் போயிருந்தது. ‘வயசுக்கேத்த வேலை’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் அன்றோடு நின்றது. உங்கள் வீட்டில் நிற்குமா என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

டியூப் டிவி கிடைத்ததும் அடாப்டரைக் கவனியுங்கள். எத்தனை வோல்ட், நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று கேம் பெட்டியின் அடியில் போட்டிருக்கும், பொருந்தாததைச் சொருகினால் பெட்டி போய்விடும். முதலில் துப்பாக்கியை மாட்டி வாத்தைச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் விழவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி பஸ் ஏறுங்கள், சந்தைக்காரரிடம் சண்டை போட நானும் வருகிறேன்.