வாசகர் கேள்வி – பதில்: வெளிநாடு சென்ற பிறகு கல்விக் கடனை அடைப்பது எப்படி?

கேள்வி: என் மகன் இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனி சென்றான். எங்கள் வீட்டுப் பத்திரத்தை வைத்து, பொதுத்துறை வங்கி ஒன்றில் 10.5 சதவீத வட்டியில் 20 லட்சம் ரூபாய் கல்விக் கடன் பெற்றோம். படிப்பு முடிந்து ஓராண்டு ஆகப்போகிறது. முழுநேர வேலை இன்னும் அமையவில்லை. பகுதிநேர வேலையில் கிடைப்பது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிறது என்கிறான். அடுத்த மாதத்திலிருந்து 34 ஆயிரம் ரூபாய் தவணை கட்ட வேண்டும் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வாங்கியது 20 லட்சம். கடிதத்தில் 25 லட்சத்துக்கு மேல் காட்டுகிறார்கள். எனக்கு ஓய்வூதியம் 28 ஆயிரம் ரூபாய். கடன் மகன் பெயரில்தானே இருக்கிறது, என்னைக் கேட்பார்களா? வீடு போய்விடுமா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: ஐயா, உங்களைக் கேட்பார்கள். கல்விக் கடன் பத்திரங்களில் பெற்றோர் பெரும்பாலும் வெறும் சாட்சியாகக் கையெழுத்திடுவதில்லை. மாணவரோடு சேர்ந்து இணைக் கடன்தாரராகவே கையெழுத்திடுகிறார்கள். அதாவது முழுத் தொகைக்கும் மகன் எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு உங்களுக்கும் உண்டு. அவர் எந்த நாட்டில் இருந்தாலும் வங்கிக்கு எட்டும் தொலைவில் இருப்பவர் நீங்களும் உங்கள் வீடும்தான். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இன்றே நீங்களும் மகனும் சேர்ந்து வங்கியோடு பேசத் தொடங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 25 லட்சத்தைப் பார்ப்போம். வங்கி உங்களை ஏமாற்றவில்லை. படிப்புக் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தவணை கேட்க மாட்டார்களே தவிர, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதலாண்டில் 10 லட்சமும் இரண்டாம் ஆண்டில் 10 லட்சமும் வழங்கப்பட்டிருந்தால், தனிவட்டிக் கணக்கில் முதலாண்டுக்கு 1 லட்சத்து 5 ஆயிரம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் தலா 2 லட்சத்து 10 ஆயிரம், ஆக 5 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்கும். அது அசலோடு கூட்டப்பட்டு 25 லட்சத்து 25 ஆயிரமாகி, அந்தத் தொகைக்குப் பத்தாண்டுத் தவணை போட்டால் மாதம் சுமார் 34,070 ரூபாய் வரும். படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டி வந்திருந்தால் இந்த 5 லட்சம் அசலில் ஏறியிருக்காது. இந்தியாவிலிருந்து இனிமேல் பிள்ளைகளை அனுப்பப் போகும் பெற்றோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு காலப் பொருத்தமின்மையும் இருக்கிறது. பல குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஜெர்மனியில் பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவருக்கு வேலை தேடுவதற்காக 18 மாதம் வரை தங்கும் அனுமதி கிடைக்கிறது; நம் வங்கி தவணையைத் தள்ளி வைப்பதோ ஓராண்டு. அந்த நாடே வேலை கிடைக்க ஒன்றரை ஆண்டு ஆகலாம் என்று கருதும்போது, பன்னிரண்டாவது மாதத்தில் தவணை வந்து நிற்கிறது. ஆகவே உங்கள் மகன் தோற்றுவிட்டார் என்று நீங்கள் எண்ண வேண்டியதில்லை. அவர் கையில் இன்னும் ஏறக்குறைய ஆறு மாதம் இருக்கக்கூடும். அந்த அனுமதிக் காலத்தில், மாணவராக இருந்தபோது இருந்த வேலை நாள் வரம்பு இல்லை. படிப்புக்குத் தொடர்பில்லாத வேலையையும் முழுநேரமாகச் செய்யலாம். துறைக்கேற்ற வேலை கிடைக்கும் வரை அப்படி ஒன்றைப் பார்க்க இயலுமா என்று அவரிடம் கனிவாகக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, முதல் தவணைத் தேதிக்கு முன்பாகவே கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுப்பது. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே, வேலையில்லாத காலத்தையும் போதிய வருமானமில்லாத காலத்தையும் கணக்கில் கொண்டு, கடன் காலத்துக்குள் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளி வைக்க இடம் தரப்பட்டுள்ளது. முதல் சில ஆண்டுகளுக்குக் குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் கட்டும் படிநிலைத் தவணைக்கும், 15 ஆண்டு வரை திருப்பிச் செலுத்துவதற்கும் அதில் வழியுண்டு. வங்கி தானாக முன்வந்து இவற்றைத் தராது, கேட்பவருக்கே பரிசீலிக்கும். மகனின் பட்டச் சான்றிதழ், தங்கும் அனுமதியின் நகல், அவர் விண்ணப்பித்த வேலைகளின் விவரம், உங்கள் ஓய்வூதியச் சான்று ஆகியவற்றை இணைத்து, விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலத்தை 15 ஆண்டாக நீட்டினால் தவணை சுமார் 27,900 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது ஏறத்தாழ 41 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு மேல் போய்விடும். இருந்தும் உங்கள் நிலையில் நான் 15 ஆண்டையே கேட்கச் சொல்வேன். ஏனென்றால் மாறும் வட்டியில் உள்ள இத்தகைய தனிநபர் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் விதிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மகனுக்கு வேலை கிடைத்ததும் கூடுதலாகக் கட்டிக் காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். இன்று முடியாத தவணையை ஏற்றுக்கொண்டு தவறினால் அதைச் சரிசெய்வது கடினம். அதுவரை ஓய்வூதியம் முழுவதையும் கடனுக்குக் கொட்டி, மருந்துக்கும் அரிசிக்கும் பிறரிடம் கைநீட்டும் நிலைக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது.

வீட்டைப் பொறுத்தவரை, ஒரு தவணை தவறியதும் யாரும் பூட்டுப் போட வர முடியாது. 90 நாளுக்கு மேல் நிலுவை நின்றால்தான் கணக்கு வாராக் கடனாகும். அதன் பிறகு, அடமானச் சொத்தை வங்கி கையகப்படுத்த வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்பை வங்கி அனுப்ப வேண்டும். அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினாலும் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். உங்கள் மேற்குப் பகுதி மாவட்டங்களுக்குக் கோயம்புத்தூரிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது. அந்த 60 நாள் அறிவிப்பை வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் பலர் செய்யும் பெருந்தவறு. வாங்காவிட்டாலும் நாள் கணக்கு ஓடும்.

கேள்வி: நான் மியூனிக்கில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு மாதமும் திருச்சியில் உள்ள அப்பாவின் கணக்குக்குப் பணம் அனுப்புகிறேன். அவர் எடுத்துச் சென்று கிளையில் கட்டுகிறார். அவருக்கு முழங்கால் வலி. நான் கல்லூரியில் படித்தபோது தொடங்கிய என் சேமிப்புக் கணக்கிலிருந்தே தவணை போகும்படி செய்யலாமா? வருமான வரிச் சலுகை யாருக்குக் கிடைக்கும்? கையில் மிஞ்சுவதைக் கடனில் கட்டுவதா, வேறு எதிலாவது சேமிப்பதா?
– வாசகி, ஜெர்மனி

பதில்: அப்பாவை அலைய விடாமல் இருக்க நினைக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குவோம். கல்லூரிக் காலத்துச் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே பயன்படுத்தக் கூடாது. வெளிநாட்டில் படிக்கும் மாணவரையே வெளிநாடு வாழ் இந்தியராகக் கருத ரிசர்வ் வங்கி 2003-ஆம் ஆண்டிலேயே வகை செய்துவிட்டது. ஆகவே நீங்கள் என்றோ அந்தக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியர் தம் இந்திய வரவுகளை வைத்துக்கொள்வதற்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். பாஸ்போர்ட், தங்கும் அனுமதி, வெளிநாட்டு முகவரிச் சான்று ஆகியவற்றோடு வங்கிக்கு விண்ணப்பித்து உடனே மாற்றிவிடுங்கள். அதன் பிறகு என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ, வெளிநாட்டு வருமானத்தைப் போடுவதற்கான என்.ஆர்.இ. கணக்கிலிருந்தோ மாதத் தவணை தானாகவே கழியும்படி ஒப்புதல் கொடுத்துவிடலாம். தவணைத் தேதியில் இரண்டு மாதத் தவணைக்கான இருப்பு எப்போதும் இருக்கட்டும். பணம் இந்தியா வந்து சேர்வதில் ஒரு விடுமுறை நாள் குறுக்கிட்டால்கூடத் தவணை திரும்பிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வங்கியின் குறுஞ்செய்தியும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் எந்தக் கைபேசி எண்ணுக்குப் போகின்றன? ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்துபோன பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால், தவணை தவறிய செய்தி உங்களுக்கு வந்து சேராது.

வரிச் சலுகையில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. வருமான வரிச் சட்டப்படி (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80இ பிரிவு) கல்விக் கடனின் வட்டிக்கு மட்டுமே கழிவு உண்டு, அசலுக்கு இல்லை. வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எட்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டுமே அது பொருந்தும். தம் வரிக்குரிய வருமானத்திலிருந்து கட்டியிருக்கவும் வேண்டும். ஜெர்மனியில் நீங்கள் பெறும் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லாததால், இங்கே வாடகை போன்ற வருமானம் இல்லாவிட்டால் இந்தக் கழிவால் உங்களுக்குப் பயனில்லை. அப்பா கடனில் இணைந்திருந்து, தம் சொந்த வருமானத்திலிருந்து வட்டி கட்டினால் அவர் கோரலாம். நீங்கள் அனுப்பும் பணத்தைக் கட்டிவிட்டு அவர் பெயரில் கழிவு கேட்பது சரியல்ல. சிறு வரிச் சேமிப்புக்காக அவரை விளக்கம் கேட்கும் கடிதத்துக்கு ஆளாக்க வேண்டாம்.

கடைசிக் கேள்விக்கு என் பதில் தெளிவானது: முதலில் ஆறு மாதச் செலவுக்கான தொகையை ஜெர்மனியிலேயே ஒதுக்குங்கள், வேலை போனால் அதுதான் உங்களைக் காக்கும், அதன் பிறகு மிஞ்சுவதைக் கடனில் கட்டுங்கள். 10.5 சதவீத வட்டியை உறுதியாகத் தரும் சேமிப்புத் திட்டம் எதுவும் சந்தையில் இல்லை. முந்தைய கேள்வியில் சொன்ன 25 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்க் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுத் தவணையோடு மாதம் 5,000 ரூபாய் மட்டும் கூடுதலாகக் கட்டினால் கடன் எட்டு ஆண்டில் முடிந்துவிடும். வட்டியில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய் மிஞ்சும். கூடுதலாகக் கட்டும் தொகை அசலில் வரவு வைக்கப்பட்டதா, அடுத்த தவணைக்கான முன்பணமாக நின்றுவிட்டதா என்பதை ஒவ்வொரு முறையும் கணக்கு விவரத்தில் சரிபாருங்கள். ரூபாய் இறங்கும் என்று காத்திருந்து தவணையைத் தாமதிக்க வேண்டாம். நீண்ட காலத்தில் ரூபாய் மதிப்பு குறைவது வெளிநாட்டில் சம்பாதித்து ரூபாய்க் கடனை அடைப்பவருக்குச் சாதகம்தான். 2014-இல் ஏறக்குறைய 60 ரூபாயாக இருந்த டாலர் 2024-இல் 83 ரூபாயைத் தாண்டியது. ஆனால் மாதக் கணக்கில் அதை யாராலும் கணிக்க இயலாது, வட்டியோ தினமும் ஏறும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி எட்டு மாதமாகத் தவணை கட்டவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. வசூல் முகவர்கள் அப்பாவை இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, அவன் பாஸ்போர்ட்டை முடக்கிவிடுவோம், கைது செய்வோம் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: கடனைக் கட்ட இயலாமற்போவது குற்றமல்ல, அது உரிமையியல் வழக்குக்குரிய விஷயம். போலி ஆவணம் கொடுத்துக் கடன் வாங்கியது போன்ற தனிக் குற்றம் இருந்தால்தான் குற்றவியல் நடவடிக்கைக்கு இடமுண்டு. பொதுத்துறை வங்கிகளின் தலைமை அதிகாரிகள் தாங்களே கேட்டு, ஒருவர் நாட்டை விட்டுச் செல்வதைத் தடுக்கும் தேடுதல் சுற்றறிக்கையை விடச் செய்யும் அதிகாரத்தை 2024 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. முகவர் ஒருவர் தொலைபேசியில் மிரட்டிப் பாஸ்போர்ட்டை முடக்கிவிட முடியாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, குடும்பத்தாரை அவமானப்படுத்தக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி தெளிவாக அறிவுறுத்தியிருக்கிறது. அழைப்பு வந்த தேதி, நேரம், எண் ஆகியவற்றைக் குறித்து வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஆனால் முகவரின் முறைகேடு கடனை இல்லாமலாக்கிவிடாது. அப்பா இணைக் கடன்தாரராக இருந்தால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சரிந்திருக்கும். நாளை வீட்டில் வேறொருவருக்கு அவர் துணைநின்று கடன் வாங்க முடியாது. தம்பி தொலைபேசியை எடுக்காததற்கு வெட்கமே காரணமாக இருக்கலாம். வேலையிழந்த பிள்ளைகள் வீட்டாரிடம் அதைச் சொல்ல முடியாமல் ஒதுங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், நலம் கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். பேச்சு தொடங்கிய பிறகு கணக்கைப் பார்க்கலாம். மொத்தமாக ஒரு தொகை திரட்ட முடிந்தால் லோக் அதாலத்தில் சமரசம் பேசலாம். ஆனால் குறைத்துக் கட்டி முடித்த கடன், முழுமையாக அடைக்கப்பட்டதாக அல்லாமல் சமரசத்தில் முடிந்ததாகவே கடன் வரலாற்றில் பதிவாகும் என்பதை அறிந்து முடிவெடுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மகள் கடன் முழுவதையும் கட்டி முடித்துவிட்டாள். வீட்டுப் பத்திரத்தை எப்படித் திரும்பப் பெறுவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் அம்மா. முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் மூல ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது. பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால் நீங்களே நேரில் சென்று பெறலாம். மகளின் பெயரும் அதில் இருந்தால், அவர் கனடாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று ஓர் அதிகார ஆவணம் அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை செலுத்திவிடுங்கள். நிலுவையில்லாச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் ரத்து ரசீதும் அங்கேயே பதிவாக வேண்டும். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து, வங்கியின் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பத்திரத்தைப் பெட்டியில் வையுங்கள்.