பியூரெட் ஒன்பது, பிள்ளைகள் நாற்பத்தெட்டு: வேதியியலை எங்கிருந்து தொடங்குவது?

தொண்டிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆசிரியை கேட்கிறார்: "பதினொன்றாம் வகுப்பில் 48 பேர். உருப்படியான பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாய்) 9 இருக்கிறது. கடினநீர்ப் பாடத்தில் சமன்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிறார்கள். 'உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைக்க மாட்டேன் என்கிறது?' என்று கேட்டால் மௌனம். புதிய கற்பித்தல் முறைகள் என்று பயிற்சிகளில் நிறையச் சொல்கிறார்கள். எங்கள் நிலைமைக்கு எதை எடுப்பது, எப்படித் தொடங்குவது?"

முதலில், பிள்ளைகள் ஏன் மௌனமாகிறார்கள் என்று பார்ப்போம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் வேதியியலை ஒரு முக்கோணமாகப் பார்த்தார். ஒரு முனையில் கண்ணால் பார்ப்பது, இன்னொன்றில் கண்ணுக்குத் தெரியாத அயனியும் மூலக்கூறும், மூன்றாவதில் குறியீடும் சமன்பாடும். பழகியவர்கள் மூன்று முனைகளுக்கும் நினைத்தபடி தாவுவார்கள். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள இடம் போதாது. அதனால் தேர்வுக்கு எது வேண்டுமோ அந்தச் சமன்பாட்டை மட்டும் பிடித்துக்கொள்கிறது. இப்போது பேசப்படும் நல்ல முறைகளில் பலவும் இந்தச் சிக்கலை அவிழ்க்க வந்தவைதான். நம் வகுப்புக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு வரிசை: முதலில் பொருள், அடுத்து துகள், கடைசியில் குறியீடு. இதோடு, செய்முறையைச் சொட்டு அளவுக்குச் சுருக்கினால் 48 பேரும் கையால் செய்யலாம்.

கடினநீர்ப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கரைந்து, சோப்பை நுரைக்கவிடாத தண்ணீர்தான் கடினநீர். உங்கள் கடற்கரையைப் போல இதற்கு வசதியான இடம் குறைவு. ஒரே ஊரில் கிணறு, போர், ஊருணி, மணல்மேட்டு ஊற்று, தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தள்ளிவரும் குழாய்த் தண்ணீர் என்று ஐந்து விதத் தண்ணீர் கிடைக்கும். ஒவ்வொரு பிள்ளையும் 100 மி.லி. கொண்டுவரட்டும். அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய புட்டியில், மூடி வரை நிரப்பி, எந்த இடம், கடலிலிருந்து எவ்வளவு தூரம், ஆழம் என்ன என்று சீட்டு ஒட்டி. அன்றன்றைக்கே சோதிப்பது முக்கியம். நாலு நாள் வெயில் பட வைத்திருந்தால் கார்பனேட் புட்டியின் அடியில் படிந்து, அளவு குறைத்துக் காட்டும்.

இனி கரைசல்கள். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் டைசோடியம் இ.டி.டி.ஏ. 0.93 கிராமை 250 மி.லி. வாலை வடிநீரில் கரைத்தால் 0.01 மோலார். மெதுவாகத்தான் கரையும், லேசாகச் சூடு காட்டலாம். இரண்டிரண்டு பேராக 24 குழுக்களுக்கு இந்த 250 மி.லி. போதும். பாலித்தீன் புட்டியில் வையுங்கள். சாதாரணக் கண்ணாடியிலிருந்து கால்சியத்தை இ.டி.டி.ஏ. இழுத்துக்கொண்டு நாளடைவில் வலுக் குறைந்துபோகும். காரத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலுக்கு அம்மோனியம் குளோரைடு 1.7 கிராம், அடர் அம்மோனியா 14 மி.லி., வடிநீர் சேர்த்து மொத்தம் 25 மி.லி. அம்மோனியா புட்டியை நீங்கள்தான் திறக்க வேண்டும், ஜன்னலோரமாக, கண்ணாடி அணிந்து. நிறங்காட்டி எரியோகுரோம் பிளாக் டி. இதைக் கரைசலாக வைத்தால் சில வாரங்களில் கெட்டுவிடும். ஆகவே 0.1 கிராமை 10 கிராம் சோடியம் குளோரைடோடு கல்வத்தில் அரைத்துப் பொடியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோடியம் குளோரைடு ஆய்வகப் புட்டியிலிருந்து வரட்டும். உப்பளத்துக் கல்லுப்பைப் போட்டால் அதிலுள்ள மெக்னீசியமே நிறத்தைக் கெடுத்துவிடும். கடற்காற்றில் பொடி கசிந்துபோகும் என்பதால் இறுக்கமான மூடி தேவை.

பியூரெட்டுக்குப் பதில் ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சு. மருந்துக்கடையில் 0.01 மி.லி. கோடு போட்டதாகக் கேளுங்கள். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம். அதில் 'யூனிட்' கணக்கு, ஊசியும் பெரும்பாலும் கழற்ற வராது.

செய்முறை இதுதான். சின்னக் கண்ணாடிக் குப்பியில் 2 மி.லி. தண்ணீர், ஒரு சொட்டு தாங்கல் கரைசல், கடுகளவு நிறங்காட்டிப் பொடி. அடியில் வெள்ளைத்தாள். கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்த நிறங்காட்டியால் தண்ணீர் ஒயின் சிவப்பாகும். சிரிஞ்சிலிருந்து இ.டி.டி.ஏ.வைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியைச் சுழற்ற வேண்டும். சிவப்பு மெல்ல ஊதாவாகி, கடைசியில் செம்மையின் சாயலே இல்லாத தெளிந்த நீலமாகும். அந்த நீலம்தான் முடிவு நிலை: எல்லாவற்றையும் இ.டி.டி.ஏ. பிடித்துவிட்டது. ஊதாவில் நிறுத்துவதுதான் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு. ஆகவே முடிந்துபோன குப்பி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க மேசையில் வைத்துவிடுங்கள். தாங்கல் கரைசல் விட்டதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அந்தக் காரத்தன்மையில் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகிவிடலாம்.

கணக்கைக் கரும்பலகையில் எழுதிப்போடாமல் அவர்களையே வருவிக்கச் சொல்லுங்கள். 0.01 மோலார் கரைசல் 1 மி.லி. பிடிப்பது 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கடினத்தன்மை. எடுத்தது 2 மி.லி. ஆகவே லிட்டருக்கு மாற்ற 500-ஆல் பெருக்க வேண்டும். சிரிஞ்சில் 0.60 மி.லி. செலவானால் லிட்டருக்கு 300 மி.கி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 (2012) ஏற்கத்தக்க அளவாக 200 மி.கி.யும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 மி.கி. வரையும் அனுமதிக்கிறது. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. என்றால், ஒரு சொட்டு தவறினால் 25 மி.கி. தவறும். கோடு 0.01 வரை இருந்தாலும் நம் துல்லியம் சொட்டின் அளவுதான் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது, பிழை என்ற பாடம் தனியாக நடத்தத் தேவைப்படாது. மென்னீருக்கு 5 மி.லி. எடுத்து 200-ஆல் பெருக்கச் சொல்லுங்கள்.

முறை சரியாக நடக்கிறதா என்று பார்க்கக் கடலே கைகொடுக்கும். வழக்கமான உப்புச் செறிவுள்ள கடல்நீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு ஏறத்தாழ 6,500 மி.கி. அதில் பெரும்பங்கு மெக்னீசியம். பத்து மடங்கு நீர்க்கச் செய்து 2 மி.லி. எடுத்தால் சுமார் 1.3 மி.லி. இ.டி.டி.ஏ. செலவாக வேண்டும். சிரிஞ்சை ஒருமுறை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். நீர்க்கச் செய்யாமல் விட்டால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலங்கி எல்லாம் குழம்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரக் கடல்நீர் நீர்த்துப்போவதால் 1.3 வராது. அப்போது மெக்னீசியம் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறு உள்ளது) 0.246 கிராமை 100 மி.லி. வடிநீரில் கரைத்துச் சரிபாருங்கள். 2 மி.லி.க்கு 2 மி.லி. செலவாக வேண்டும்.

நிறமே மாறாமல் அடம்பிடித்தால் துருப்பிடித்த போர்க் குழாயின் இரும்பைச் சந்தேகியுங்கள். இரும்பு நிறங்காட்டியைக் கட்டிப்போட்டுவிடும். அந்தத் தண்ணீரை ஓரிரவு தெளியவிட்டு வடிகட்டிப் பார்க்கலாம். சிவப்பிலிருந்து நீலத்துக்கு இழுத்துக்கொண்டே போனால் தாங்கல் கரைசலிலிருந்து அம்மோனியா பறந்துவிட்டது, புதிதாகத் தயாரியுங்கள். கடையில் வாங்கிய பேட்டரித் தண்ணீரை வடிநீர் என்று நம்பிப் பயன்படுத்தும் முன், அதில் தாங்கல் கரைசலும் பொடியும் போட்டுப் பாருங்கள். இ.டி.டி.ஏ. இல்லாமலே நீலமாக இருந்தால்தான் அது வடிநீர்.

இதுவரை சொன்னது வெறும் கைவேலை. பாடம் தொடங்குவது கொதிக்கவைப்பதில்தான். கிணற்றுத் தண்ணீர் 100 மி.லி.யைப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைக்கப் போகிறோம் என்று சொல்லி, அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒவ்வொருவரும் கணிப்பை நோட்டில் பேனாவால் எழுதட்டும்: கடினத்தன்மை குறையுமா, கூடுமா, அப்படியே இருக்குமா, ஏன்? எழுதாத கணிப்புக்கு மதிப்பில்லை. விடை தெரிந்ததும் எல்லோரும் "நான் அதைத்தான் நினைத்தேன்" என்பார்கள். முதலில் கணிப்பு, பிறகு காட்சி, பிறகு விளக்கம் என்ற இந்த முறையின் பலன் முழுக்க அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

கொதித்து ஆறியதும் சில குழுக்களுக்குக் கடினத்தன்மை கூடியிருக்கும். பதற வேண்டாம், அதுதான் அன்றைய பொக்கிஷம். தண்ணீர் ஆவியாகி 80 மி.லி. ஆகிவிட்டது, உள்ளே இருந்தது நெருங்கிவிட்டது. வடிகட்டி, வடிநீர் சேர்த்து மறுபடி 100 மி.லி. ஆக்கிச் சோதித்தால் கொஞ்சம் இறங்கும், முழுவதும் இறங்காது. இறங்கியது பைகார்பனேட்டால் வந்த தற்காலிகக் கடினத்தன்மை. நின்றது குளோரைடும் சல்பேட்டும் தரும் நிரந்தரக் கடினத்தன்மை. கடல்நீர் ஊடுருவிய கிணற்றில் நிற்பதுதான் அதிகமாக இருக்கும். மணல்மேட்டு ஊற்று கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் நன்னீராக இருப்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மணலில் இறங்கிய மழைநீர், அடர்த்தி குறைவு என்பதால், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டி அதிகமாக இறைத்தால் உப்பு மேலேறும். இதை அந்த ஊர்ப் பாட்டிமார்கள் நன்றாக அறிவார்கள்.

கொதிக்கும்போது மூடியில் திரளும் சொட்டுகளைச் சேகரித்துத் தாங்கல் கரைசலும் பொடியும் போடுங்கள். உடனே நீலம். "கால்சியம் ஆவியோடு போய்விட்டது" என்று எழுதிய பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. (தண்ணீர் தளதளவென்று கொதித்து மூடியில் தெறித்தால் சிவப்பு வரும். தீயைக் குறையுங்கள்.)

இனி துகள். நோட்டுப் பக்கத்தை மூன்றாகப் பிரித்து, இடப்பக்கம் கண்டதை எழுதவும், நடுவில் அந்தத் தண்ணீருக்குள் இருப்பதைப் படமாக வரையவும் சொல்லுங்கள். வலப்பக்கம் அன்று காலியாகவே இருக்கட்டும். அந்த நடுப்படத்தைப் பாருங்கள். கடல்நீர் என்றால், சோடியமும் குளோரினும் கைகோத்த ஜோடிகளாக நீந்தும். கரைசலில் அயனிகள் பிரிந்து, நீர் மூலக்கூறுகள் சூழ நிற்கின்றன என்று மனப்பாடமாகச் சொன்ன அதே பிள்ளைதான் அப்படி வரைந்திருக்கும். திருத்திக் கொடுக்காதீர்கள். "மெக்னீசியம் குளோரைடும் இதில் இருக்கிறதே, இந்தக் குளோரைடு யாருடையது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் ஜோடியை அவர்களே பிரிப்பார்கள். அடுத்த வகுப்பில் வலப்பக்கத்துக்குச் சமன்பாடு வரும்போது அது அவர்களுடைய படத்தின் சுருக்கெழுத்தாக இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கரைதிறன் பெருக்கத்துக்கு (எந்த உப்பு எவ்வளவு செறிவில் படியத் தொடங்கும் என்ற கணக்கு) உப்பளத்தைக் கொண்டுவாருங்கள். வாலிநோக்கம் பக்கத்து உப்பளம் இவர்கள் அறிந்த காட்சி. கேள்வி: கடல்நீர் பாத்தியில் சுண்டும்போது முதலில் கணிசமாகப் படிவது எது? ஒன்று, சோற்றுப்பு. இரண்டு, ஜிப்சம். மூன்று, மெக்னீசியம் குளோரைடு. நான்கு, எல்லாம் சேர்ந்து. விரலை நெஞ்சோடு வைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். பெரும்பாலும் 'ஒன்று' நிறைய எழும், அதுதானே நிறைய இருக்கிறது. சரியான விடை காட்டியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவில் இருந்தால் நீங்கள் விளக்காதீர்கள். வேறு விடை காட்டிய பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி விரல் காட்டட்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்புக்காக வகுத்த முறை இது. வேதியியலுக்கும் அப்படியே பொருந்தும். சரியான விடை அதற்கும் குறைவாக இருந்தால் வாதாட ஆளில்லை, நீங்களே ஒரு குறிப்புக் கொடுங்கள்.

விடை ஜிப்சம். லிட்டர் தண்ணீரில் சோற்றுப்பு 360 கிராம் கரையும், ஜிப்சம் ஏறக்குறைய இரண்டரை கிராம்தான் கரையும். கடல்நீர் நான்கில், ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதே ஜிப்சம் இறங்கத் தொடங்கும். உப்பு இறங்க ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வேண்டும். கரைசலின் அடர்த்தியைக் காட்டும் பாமே மானியில் அது 25 டிகிரி. மானி இல்லையென்றால் 10 மி.லி. அளவு உருளையும் தராசும் போதும். கடல்நீர் 10 மி.லி. சுமார் 10.2 கிராம் இருக்கும், உப்பு இறங்கும் பதத்தில் 12.1 கிராம். வடிகட்டிய கடல்நீர் 500 மி.லி.யை எவர்சில்வர் தட்டில் மொட்டை மாடியில் வைத்து, 100 மி.லி. ஆனதும் அடியில் படிந்ததைக் கைலென்சில் பாருங்கள், ஊசி ஊசியாக இருக்கும். கடைசியில் வருவது கனசதுரம். முதல் படிவைப் பேரியம் குளோரைடால் சோதிக்க ஆசை வரும். ஒட்டியிருக்கும் கடல்நீரிலேயே சல்பேட் இருப்பதால் அது எதையும் நிரூபிக்காது, பேரியம் நஞ்சும்கூட. லென்சே போதும். உப்பு வாரிய பின் மிஞ்சும் கசப்பு நீர் கிடைத்தால், தெளிந்த நிறைவுற்ற உப்புக் கரைசலில் அதைச் சிறிது விட்டுப் பாருங்கள். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடின் குளோரைடு உப்பைப் பொடியாக வெளியே தள்ளும். பொது அயனி விளைவைக் காட்ட இதற்கு மேல் செலவு தேவையில்லை.

காணொலி, கணினி உருவகங்கள் பற்றி: கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்களைப் பதிவிறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம், நன்றாக இருக்கின்றன. ஆனால் குப்பிச் சோதனைக்கு முன்பே திரையைக் காட்டினால் பிள்ளைகள் திரையையே வரைவார்கள். தங்கள் படத்தை வரைந்து முடித்த பிறகு காட்டுங்கள்.

பாடம் முடியாது என்ற பயம் நியாயமானது. எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய வேண்டாம், அலகுக்கு ஒன்று போதும், இரண்டு பாடவேளை. செய்முறைத் தேர்வு பியூரெட்டில்தான் என்பதால் அந்தப் பழக்கத்தையும் விட முடியாது. முதலில் சிரிஞ்சில் தோராய முடிவைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு சுழற்சி முறையில் ஒன்பது பியூரெட்டுக்கு வரட்டும். எந்த இடத்தில் சொட்டைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தே வருவதால் ஆளுக்கு இரண்டு அளவீடு போதும், மருந்தும் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா அளவுகளையும் ஊர் வரைபடத்தில் குறிக்கும்போது வீட்டுப் பெயர் வேண்டாம், தெரு போதும். கடினத்தன்மை குறைவு என்றால் குடிக்க உகந்தது என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிடக் கூடாது. கிருமியையோ நைட்ரேட்டையோ இந்தச் சோதனை காட்டாது. இதை முதல் நாளே நோட்டில் எழுதவையுங்கள். உப்பளச் சோதனையை மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரை மழைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் அளக்கச் சொல்லுங்கள்.